டீசல் ஸ்விஃப்டுக்கு ரீமேப் போடுவதற்கு முன்னும் பின்னும்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். பழைய டீசல் ஸ்விஃப்ட் வைத்திருப்பவர்களுக்கு அந்த நாற்பதும் தனித்தனியாக ஞாபகம் இருக்கும். இரண்டாம் கியரில் வளைவுக்குள் நுழைகிறோம், ஆர்பிஎம், அதாவது எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை, 1300-க்கு இறங்கிவிடுகிறது, ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தாலும் வண்டி திணறுகிறது, பின்னால் வரும் பேருந்து ஹாரன் அடிக்கிறது, சரி முதல் கியருக்கே போவோம் என்று கையை வைக்கும் நேரத்தில் ஊசி 2000-ஐத் தொட்டு வண்டி திடீரென்று பாய்கிறது. எஞ்சினின் புகையால் சுழன்று காற்றை உள்ளே அழுத்தித் தள்ளும் டர்போ வேகம் பிடிக்கும்வரை வரும் இந்தத் தாமதத்தைத்தான் எல்லோரும் டர்போ லேக் என்கிறார்கள்.

இந்தக் குழியை மூடத்தான் பலர் ரீமேப் பக்கம் வருகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். இரண்டு முறை செய்தேன், முதல் முறை செய்தது முழுத் தப்பு. அந்த அனுபவத்தில், எதை முதலில் செய்ய வேண்டும், கடையில் என்ன கேட்க வேண்டும், எதற்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று சொல்கிறேன்.

முதலில் ரீமேப் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். எஞ்சினை இயக்கும் ஈசியு என்ற பெட்டிக்குள் நிறைய அட்டவணைகள் இருக்கின்றன, அவற்றைத்தான் மேப் என்கிறோம். நீங்கள் எவ்வளவு மிதித்தால் எவ்வளவு டார்க் (எஞ்சினின் திருப்பு விசை) கேட்பதாக அர்த்தம் என்று ஒரு அட்டவணை, அந்த டார்க்குக்கு எவ்வளவு டீசல் என்று இன்னொன்று, எந்த நேரத்தில் பீய்ச்ச வேண்டும், டீசலை அழுத்தத்தில் வைத்திருக்கும் ரெயில் என்ற குழாயில் அழுத்தம் எவ்வளவு, டர்போ எவ்வளவு காற்றை அடைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. இவற்றுக்கெல்லாம் மேலே காவல்காரன் மாதிரி சில வரம்புகள் உண்டு. அதில் முக்கியமானது புகை வரம்பு. உள்ளே வந்த காற்று இவ்வளவுதான், எனவே இதற்கு மேல் டீசல் கிடையாது என்று அது மறுத்துவிடும். நீங்கள் அடிவரை மிதித்தும் வண்டி நகராத அந்த இரண்டு விநாடியில் பெரும்பாலும் நடப்பது இந்த மறுப்புதான்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ரீமேப்பால் முடியாதது எது என்பது இங்கேதான் புரியும். ஸ்விஃப்டில் இருக்கும் ஃபியட்டின் 1248 சிசி எஞ்சினுக்கு 4000 ஆர்பிஎம்மில் 75 பிஎஸ் (குதிரைத்திறன்), 2000-இல் 190 என்எம் (நியூட்டன் மீட்டர்) டார்க். டர்போ சாதாரண வகை. இதே எஞ்சினின் 90 பிஎஸ் வடிவம் எர்டிகாவில் வந்தது, அதன் டர்போவில் இறக்கைகள் கோணம் மாறும், அதனால் முன்னதாகவே காற்றை அடைக்கத் தொடங்கும். நம்முடையதில் அது இல்லை. 1300 ஆர்பிஎம்மில் டர்போவைச் சுற்றிவிடப் போதுமான புகைக்காற்றே வெளியே வராதபோது மென்பொருளால் காற்றை உருவாக்க முடியாது. அந்த லேக்கையே இல்லாமல் செய்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். நல்ல ட்யூனர், அதாவது ரீமேப் போடுபவர், செய்யக்கூடியது, புகை வராத அளவுக்குள் மிச்சமிருக்கும் சிறு இடைவெளியைப் பயன்படுத்தி இழுவை தொடங்கும் இடத்தைக் கொஞ்சம் முன்னே கொண்டுவருவது, அந்தத் திடீர்ப் பாய்ச்சலை மென்மையாக்குவது, 2000-க்கு மேல் நல்ல தெம்பு கொடுப்பது. என் வண்டியில் இரண்டாவது ரீமேப்புக்குப் பிறகு 1700 சுற்றி இழுக்க ஆரம்பித்தது. கேட்க அற்பமாக இருக்கும், மலையில் அது பெரிய வித்தியாசம்.

இனி வேலைக்கு வருவோம். ரீமேப் கடைக்குப் போவதற்கு முன் உங்கள் மெக்கானிக்கிடம் போங்கள். லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் பிக்கப் குறைந்ததற்கு மேப் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஏனென்றால் மேப் தேய்வதில்லை, மற்றதெல்லாம் தேய்கிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ஹோஸ்களைக் கையால் தடவிப் பாருங்கள், இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு அதிகமாக ஈரமாக இருந்தாலோ, மிதிக்கும்போது உஸ் என்று சத்தம் வந்தாலோ அங்கே காற்று கசிகிறது. புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வில் கரி அடைத்துத் திறந்தபடியே நின்றுவிட்டால் எஞ்சின் தன் புகையையே மறுபடி சுவாசிக்கும், அப்போதும் கீழ் ஆர்பிஎம்மில் திணறும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கு லீக்பேக் சோதனை, அதாவது எவ்வளவு டீசல் திரும்பிக் கசிகிறது என்ற சோதனை, செய்யச் சொல்லுங்கள். என் வண்டியில் ஒரு ஹோஸ் அடிப்பக்கம் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அதை மாற்றியதிலேயே என் குறை பாதி தீர்ந்துவிட்டது. இந்தச் சோதனையை முதல் ரீமேப்புக்கு முன் செய்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும், அதை விடுங்கள்.

கிளட்ச் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். காலியான நேர்ச் சாலையில் நான்காம் கியரில் 2000 ஆர்பிஎம் வைத்து முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் அதற்கேற்ப ஏறவில்லை என்றால் கிளட்ச் ஏற்கெனவே வழுக்குகிறது. அந்த வண்டியில் டார்க்கைக் கூட்டினால் சில வாரங்களில் தட்டு மாற்ற வேண்டியிருக்கும். ரீமேப் செலவோடு கிளட்ச் செட் விலையையும் ஓரமாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, வண்டி இப்போது எப்படி ஓடுகிறது என்பதற்கான பதிவு. வண்டியின் ஈசியுவோடு பேச உதவும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் சின்ன புளூடூத் ஸ்கேனரும் ஒரு மொபைல் ஆப்பும் போதும். 2013-க்கு முந்தைய சில வண்டிகளில் இது பேசாது, அப்போது மெக்கானிக்கின் பெரிய ஸ்கேனர்தான் வழி. ஆர்பிஎம், மேனிஃபோல்ட் அழுத்தம் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்), காற்றின் அளவு, இந்த மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பத்து விஷயங்களைச் சேர்த்துக் கேட்டால் அந்த மலிவு ஸ்கேனர் மூச்சு வாங்கி விநாடிக்கு ஒரு எண்கூடத் தராது. அதிகாலையில் போக்குவரத்து இல்லாத சாலையில், ஏசியை அணைத்துவிட்டு, மூன்றாம் கியரில் 1500-இலிருந்து 4000 வரை ஒரே மிதியாக மிதியுங்கள். மொபைலை நண்பர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் சாலையைப் பாருங்கள். இதே இடத்தில் இதே மாதிரி மூன்று முறை. இந்தப் பதிவு இல்லாமல் ரீமேப் செய்தால் பிறகு முன்னேற்றம் இருக்கிறதா இல்லையா என்று உங்கள் முதுகுதான் சொல்ல வேண்டும், பணம் கொடுத்த பிறகு முதுகு எப்போதும் இருக்கிறது என்றே சொல்லும்.

ட்யூனரைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. முதல் முறை நான் போன கடையில் லேப்டாப்பை மாட்டினார்கள், இருபது நிமிடத்தில் ஸ்டேஜ் ஒன் (பாகம் எதையும் மாற்றாத முதல்நிலை ரீமேப்) ஏற்றியாச்சு என்றார்கள். வண்டியை ஓட்டிப் பார்க்கவும் இல்லை, எதையும் பதிவு செய்யவும் இல்லை. பறந்தது, உண்மைதான், ஆனால் பின்கண்ணாடியில் சாலையே தெரியாத அளவுக்குக் கரும்புகை. இரண்டு மாதத்தில் கொல்லிமலை ஏறும்போது, 70 வளைவில் பாதி தாண்டுவதற்குள், கிளட்ச் வாடை மூக்கில் ஏறியது. பிறகு வேறொருவர் அந்த ஃபைலைத் திறந்து பார்த்துச் சொன்னார்: எல்லா மேப்பிலும் எல்லாக் கட்டத்தையும் ஒரே சதவீதம் ஏற்றி, புகை வரம்பை மொத்தமாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். கஸ்டம் ரீமேப் என்று பில் போட்டிருந்தார்கள், உள்ளே இருந்தது எந்த வண்டிக்கும் பொருந்தும் ஒரு பொதுச் சரக்கு.

அதனால் கடையில் கேளுங்கள். என் வண்டியிலிருந்து ஒரிஜினல் ஃபைலைப் படித்து எனக்கு ஒரு நகல் தருவீர்களா? ஏற்றிய பிறகு பதிவு செய்து பார்த்துத் திருத்துவீர்களா, எத்தனை முறை? டார்க்கை அதிகபட்சம் எங்கே நிறுத்துவீர்கள், ஏன் அங்கே? காற்றுக்கும் டீசலுக்குமான விகிதத்தை எவ்வளவில் பிடிப்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு 17, 18 என்று ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிக் காரணமும் சொன்னால் உட்காருங்கள். அதற்குக் கீழே போகப்போகக் கரும்புகையும் டர்போவுக்கு முன் வெப்பமும் ஏறும். இதெல்லாம் உங்களுக்கு எதற்குப் புரியும் சார் என்று சிரித்தால் எழுந்துவிடுங்கள்.

உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும். எத்தனை பிஎஸ் கூடும் என்று கேட்காதீர்கள், எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு டார்க் என்று கேளுங்கள். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7024-ஆல் வகுத்தால் பிஎஸ் வந்துவிடும். 75 பிஎஸ் 4000-இல் என்றால் அங்கே டார்க் சுமார் 132 என்எம் மட்டுமே, அதாவது 2000-இல் இருந்த 190 அங்கே போவதற்குள் கரைந்துவிட்டது. மேலே அதை 155 வரை தாங்கிப் பிடித்தாலே 88 பிஎஸ் ஆகிவிடும், கிளட்சுக்கும் வலிக்காது, ஏனென்றால் அது 190-ஐ ஏற்கெனவே தாங்குகிறது. அதற்குப் பதில் 1800 ஆர்பிஎம்மில் 250 என்எம் திணித்தால் ஓட்டும்போது சுகமாக இருக்கும், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடும் கிளட்சும்தான் அதற்கு விலை கொடுக்கும். மலையும் நெடுஞ்சாலையும் கலந்து ஓட்டுகிறேன், ஐந்து பேரும் மூட்டைகளும் இருக்கும், கீழே மென்மையாக ஏறட்டும், நடுவில் கொஞ்சம் கூடட்டும், மேலே உடனே விழாமல் இருக்கட்டும். இப்படிச் சொன்னாலே தெரிந்த ட்யூனருக்குப் போதும்.

ஒரு ஏமாற்றும் இருக்கிறது. ஆக்சிலரேட்டர் அட்டவணையை மட்டும் மாற்றி, 30 சதவீதம் மிதித்தால் 60 சதவீதம் மிதித்ததாகக் கணக்கு வைத்துவிடுவார்கள். தொட்டாலே துள்ளும், ஆகா என்று தோன்றும். முழு மிதியில் பழைய பதிவோடு ஒப்பிட்டால் நேரம் ஒரு துளியும் குறைந்திருக்காது. ரெயில் அழுத்த சென்சாரில் பொய் சொல்லும் ட்யூனிங் பாக்ஸ்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், எஞ்சினின் வரம்புகள் எதுவும் அதற்குத் தெரியாது.

ஏற்றும் நாளில் கவனிக்க வேண்டியது பேட்டரி. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்னழுத்தம் விழுந்தால் ஈசியு பாதியில் செத்துப்போகும், பிறகு பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் உயிர்ப்பிக்க வேண்டும். கடைக்காரர் சார்ஜர் மாட்டுகிறாரா என்று பாருங்கள், மாட்டவில்லை என்றால் மாட்டச் சொல்லுங்கள். விளக்கு, ஃபேன், பாட்டு எல்லாம் அணைந்திருக்கட்டும், நடுவில் கதவைத் திறந்து மூடி விளையாட வேண்டாம்.

ஏற்றிய பிறகு அதே சாலை, அதே மூன்றாம் கியர், அதே மூன்று ஓட்டம். பதிவை ட்யூனருக்கு அனுப்புங்கள். ஈசியு கேட்ட பூஸ்டும் (டர்போ அடைக்கும் காற்றின் அழுத்தம்) உண்மையில் வந்த பூஸ்டும் ஒட்டிப் போகிறதா, எங்காவது தாண்டிக் குதிக்கிறதா என்று அவர் பார்ப்பார். இரவில் நண்பரைப் பின்னால் வரச் சொல்லுங்கள், ஹெட்லைட் வெளிச்சத்தில் புகை தப்பாது. கிளட்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள். என்னுடைய இரண்டாவது ரீமேப் மூன்று திருத்தங்களுக்குப் பிறகுதான் சரிக்கு வந்தது. ஒரே ஏற்றத்தில் முடிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மைலேஜை மீட்டரில் பார்க்க வேண்டாம், இன்ஜெக்டர் அட்டவணை மாறியபின் அந்தக் கணக்கே பொய்யாகலாம். டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பாருங்கள்.

பெட்ரோல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியில் ரீமேப் வீண் செலவு, பத்து சதவீதம் கிடைத்தாலே பெரிது. டர்போ பெட்ரோலில் கிடைக்கும், ஆனால் அங்கே எதிரி நாக்கிங், அதாவது பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிப்பது, அதுவும் சென்னையின் மே மாதத்தில் உள்ளே போகும் காற்றே கொதிக்கும். நாக்கிங்கை அதிகம் தாங்கும் 95 ஆக்டேன் பெட்ரோலுக்குப் போட்ட மேப்பில் சாதாரணப் பெட்ரோலை ஊற்றிவிட்டு எஞ்சினைத் திட்டக் கூடாது. போலோ ஜிடி போன்றவற்றில் இருக்கும் ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியின் வரம்பு 250 என்எம், அதைத் தாண்டச் சொல்லி ஆசைப்பட வேண்டாம்.

கடைசியாகச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் மறைத்தால் விபத்து நேரத்தில் பிரச்சினை வரலாம். வாரண்டி உள்ள வண்டியில் கையே வைக்காதீர்கள். பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி) டீசல் வண்டியில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஃபைலில் மறைத்துத் தருகிறேன் என்பவர்களிடம் போகவே வேண்டாம், அந்தக் கரி நம் தெருப் பிள்ளைகளின் மூக்குக்குத்தான் போகிறது.

அப்புறம் அந்த ஒரிஜினல் ஃபைல். மெயிலில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள். சர்வீஸ் சென்டரில் மென்பொருள் புதுப்பித்தால் உங்கள் ரீமேப் சத்தமில்லாமல் அழிந்துவிடும், எனவே விடும்போதே புதுப்பிக்க வேண்டாம் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். வண்டியை விற்கும் நாளில் பழைய ஃபைலை ஏற்றிக் கொடுத்துவிடுங்கள், வாங்குபவர் எந்த மலை ஏறப் போகிறார் என்று நமக்குத் தெரியாது.