அம்மானுக்கு லிங்க் அனுப்பாதீர்கள்

எங்கள் ஆயா வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் அறுபது சொச்சம் பேர். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் இருப்பவர்கள் பாதிகூட இல்லை. மிச்சப் பேர் சென்னை, சிங்கப்பூர், டல்லாஸ் என்று சிதறிக் கிடக்கிறோம். பிள்ளையார் நோன்பு என்றைக்கு, யார் வீட்டுக் கேதத்துக்கு யார் போவது, இதற்குத்தான் அந்த குரூப். அதில்தான் 2021 ஏப்ரல் 17-ஆம் தேதி காலையில் நான் என் அம்மானிடம் மூக்குடைபட்டேன். நான்தான் அவர் மூக்கை உடைத்ததாக அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன், அது வேறு.

நடிகர் விவேக் இறந்த நாள் அது. 15-ஆம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று மைக்குகளுக்கு முன்னால் சொல்லிவிட்டுப் போனவர், 17-ஆம் தேதி விடிவதற்குள் இல்லை. ஒன்பது மணிக்குள் அம்மானிடமிருந்து, ஊசிதான் அவரைக் கொன்றது என்று நாலு ஃபார்வர்டு. நான் "காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்" என்று போட்டு, ஒரு சிரிப்பு எமோஜியும் போட்டு, கீழே மூன்று இங்கிலீஷ் லிங்க்கும் போட்டேன். பத்து நிமிஷத்தில் அம்மான் குரூப்பை விட்டு வெளியேறினார் என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது.

நான் சொன்னதில் தப்பில்லை. தடுப்பூசிக்குப் பின் நேரும் பாதிப்புகளை ஆராயும் மத்தியக் குழுவும் பிறகு, மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றுதான் சொன்னது. தினமும் லட்சக்கணக்கில் ஊசி போடும்போது, அந்த ஊசி இல்லாவிட்டாலும் அந்த வாரம் மாரடைப்பு வந்திருக்கக்கூடிய சிலர் அந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். ஆனால் இழவு வீட்டு வாசலில் நின்று பழமொழி சொல்பவன் பேச்சை யார் கேட்பார்கள்? இது நான் செய்த முதல் தவறு. இன்னும் நிறைய இருக்கிறது.

பெரிய தவறு எது என்றால், பயப்படுகிறவரையும் கொடி பிடிக்கிறவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. பயப்படுகிறவர் கேள்வி கேட்பார்: காய்ச்சல் எத்தனை நாள் இருக்கும், சளி இருக்கும்போது போடலாமா, போன தடவை தொடை வீங்கியதே. கொடி பிடிக்கிறவர் கேட்க மாட்டார், அறிவிப்பார்: "எங்க வீட்ல யாரும் போடல." அந்த வாக்கியம் ஊசியைப் பற்றியதே இல்லை, தான் எந்தப் பக்கம் என்பதைப் பற்றியது. வேட்டிக் கரை மாதிரி. கரையைப் பார்த்து ஒருவர் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம், அந்தக் கரை நல்ல நூலா கெட்ட நூலா என்று அவரிடம் வாதாடி என்ன பயன்? முன்னவருக்குத் தகவல் வேண்டும். பின்னவருக்குத் தகவலைக் கொடுத்தால், கரையை மாற்றச் சொல்கிறீர்கள் என்றுதான் அவர் காதில் விழும்.

அடுத்தது, "படிக்காத ஜனங்கள்" என்ற நினைப்பு. அம்மான் முப்பது வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவர், ஆங்கில நாளிதழை விளம்பரம் விடாமல் வாசிப்பவர். தைப்பொங்கல் முடிந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் உட்கார்ந்தபோது, எங்கள் ஊரில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு இவர் சைக்கிளில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் போராட்டம் ஓய்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பிப்ரவரி முதல் வாரத்தில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி முகாம் வந்தது. ஒன்பது மாதத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும், பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலேயே.

அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். நாட்டு மாட்டை அழிக்க வெளிநாட்டு அமைப்பு சதி செய்கிறது என்று ஊர் முழுக்கப் பேச்சு. மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. அந்தச் சூட்டில் ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு: இந்த ஊசி வெளிநாட்டுக் கம்பெனியுடையது, நம் பிள்ளைகளை மலடாக்க வந்தது. மாட்டுக்குச் சொன்ன கதை அப்படியே பிள்ளைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. ஊசி வந்தது புனேயிலிருந்து. ரூபெல்லாவோ கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் காதையும் கண்ணையும் இதயத்தையும் கெடுக்கிற நோய். அதைத் தடுக்கிற ஊசியைத்தான் பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும் ஊசி என்றார்கள். ஆனால் இதைச் சொன்னால் எடுபடவில்லை, ஏனென்றால் அந்த மாதம் "நான் தமிழன்" என்பதும் "என் பிள்ளைக்கு வேண்டாம்" என்பதும் ஒரே மூச்சில் வந்தன. எனக்குத் தெரிந்து வேண்டாம் என்று பள்ளிக்கு எழுதிக் கொடுத்தவர்கள் எல்லாம் மெட்ரிகுலேஷன் பள்ளிப் பெற்றோர்தான். முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டிவந்தது.

இதனால்தான் "இது இந்தக் கட்சிக்காரர்கள் வேலை" என்று முடிவு கட்டுவதும் தவறு என்கிறேன். கொடி ஒரே கையில் இருப்பதில்லை. 2021 ஜனவரியில், ஊசி தொடங்கும் முன்பே, "பா.ஜ.க.வின் தடுப்பூசியை" நான் போட்டுக்கொள்ள மாட்டேன் என்றவர் அகிலேஷ் யாதவ், ஜூனில் அவரே இந்திய அரசின் தடுப்பூசியைப் போட்டுக்கொள்கிறேன் என்றார். ஊசி மாறவில்லை, அதற்கு வைத்த பெயர் மாறியது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 2014 கடைசியில் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாந்திலிருந்து தட்டம்மை பரவியபோது, ஊசி வேண்டாம் என்றவர்கள் என்றாலே இயற்கை உணவு சாப்பிடும் வசதியான தாராளவாதிகள் என்றுதான் பேச்சு. கொரோனாவுக்குப் பிறகு அது குடியரசுக் கட்சி ஆதரவாளர்களின் அடையாளமாகக் கைமாறியது. பரம்பரை ஜனநாயகக் கட்சிக் குடும்பத்தில் பிறந்த ராபர்ட் கென்னடி ஜூனியர் 2025-இல் டிரம்ப் அரசில் சுகாதார அமைச்சராகி, தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 பேரையும் ஒரே அடியில் நீக்கினார்.

நம் வீட்டு குரூப்பில் இதனால் நடக்கும் கூத்து தனி. டல்லாஸில் இருக்கும் சின்னாத்தா மகன் அந்த ஊர்ச் சண்டையை அப்படியே பெட்டி கட்டி அனுப்புவான், "உடல் சுதந்திரம்" என்று. இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல், வற்புறுத்தாமல் போடுகிற ஊசிக்கும் அந்தச் சண்டைக்கும் சம்பந்தமே இருக்காது. தேவகோட்டையில் உள்ளவர் அதற்கு இதயம் போட்டுவிட்டுப் போவார். அதற்கு அமெரிக்கப் புள்ளிவிவரத்தோடு பதில் எழுதுவது வீண் வேலை.

சரி, வற்புறுத்தல் என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கட்டாயப்படுத்தினால் காரியம் நடந்துவிடும் என்பது அரைகுறை உண்மை. 1853-இல் இங்கிலாந்து குழந்தைகளுக்குப் பெரியம்மைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. எதிர்த்து சங்கங்கள் முளைத்தன, 1885-இல் லெஸ்டர் நகரில் பெரிய ஊர்வலம் நடந்தது, கடைசியில் 1898-இல் மனசாட்சி காரணமாக மறுப்பவர்களுக்கு விலக்கு கொடுக்க வேண்டிவந்தது. அபராதம்தான் அவர்களை ஒரு கூட்டமாக ஆக்கியது. நம் உச்ச நீதிமன்றமும் 2022 மே மாதம், யாரையும் பலவந்தமாக ஊசி போட்டுக்கொள்ளச் சொல்ல முடியாது என்றது, கூடவே அரசின் தடுப்பூசிக் கொள்கை நியாயமற்றது அல்ல என்றும் சொன்னது. குரூப்பில் முதல் பாதி மட்டும்தான் வந்தது, வேறென்ன.

என் பங்குக்கு நான் செய்த இன்னொரு முட்டாள்தனம், "ஒன்றுமே ஆகாது" என்று அடித்துச் சொன்னது. கோவிஷீல்டு அபூர்வமாகச் சிலருக்கு ரத்த உறைவை உண்டாக்கக்கூடும் என்பது 2021-லேயே மருத்துவர்களுக்குத் தெரியும், எனக்குத்தான் சொல்ல மனமில்லை, பயந்துவிடுவார்கள் என்று மறைத்தேன். 2024-இல் லண்டன் நீதிமன்றத்தில் அந்த ஊசியை உருவாக்கிய ஆஸ்ட்ராஜெனிகா அதை ஒப்புக்கொண்டது என்று செய்தி வந்தபோது அம்மான் எனக்குத் தனியாக அனுப்பினார்: "என்னப்பா, ஒண்ணும் ஆகாதுன்னியே?" அந்தப் பாதிப்பு வந்தால் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வரும், மூன்று வருஷம் கழித்து வராது என்று விளக்கினேன். சரியான விளக்கம்தான். ஆனால் வட்டியோடு கடனைக் கட்டுகிறவன் மாதிரி கட்டினேன். முதலிலேயே சொல்லியிருந்தால் அசலோடு போயிருக்கும்.

சந்தேகப்பட நியாயமே இல்லை என்று பேசுவதும் இதே ரகம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நாலு குழந்தைகள் இறந்தார்கள். 2009-இல் அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பழங்குடிச் சிறுமிகளுக்கு கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். நடந்த மரணங்களுக்கு ஊசி காரணமில்லை என்று விசாரணையில் சொன்னாலும், சம்மதம் வாங்கிய லட்சணத்தை நாடாளுமன்றக் குழு கிழித்துத் தொங்கவிட்டது. இதெல்லாம் நடந்தது. "ஆமா, நடந்தது" என்று சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். இல்லாவிட்டால் அதை அவர் சொல்வார், அப்போது மிச்சத்தையும் அவரே சொல்லிவிடுவார்.

அப்புறம் சாமியா ஊசியா என்று கேட்பது. தயவுசெய்து வேண்டாம். எங்கள் ஆயாவுக்கு முன்கையில் காசு அகலத்துக்கு இரண்டு தழும்பு இருந்தது. அம்மைப்பால் குத்தியது. சின்ன வயதில் நாங்கள் அதில் விரல் வைத்து அழுத்திப் பார்ப்போம், நடுவில் பள்ளமாக, ஓரம் சுருங்கி, ரோமமே இல்லாமல் வழுவழுவென்று இருக்கும். அதே கையால்தான் பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் தூக்கினார். ஐயா, அதாவது எங்கள் தாத்தா, பினாங்குக்குக் கப்பல் ஏறும்போது அம்மை குத்திய சீட்டு இல்லாமல் ஏற முடியாது என்பார், அது பாட்டுக்குப் பெட்டியில் விபூதிப் பொட்டலத்தோடு இருக்கும். அவர்களுக்கு இது இரண்டு கட்சி இல்லை. நாம்தான் பிரித்தோம்.

வதந்தியைக் கிண்டல் செய்வதற்காகவே எடுத்து இன்னொரு குரூப்பில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் கிண்டலைப் படிக்காமல் வதந்தியை மட்டும் படிப்பவர்கள்தான் அதிகம்.

கதைக்கு வருகிறேன். அம்மான் குரூப்பை விட்டுப் போனபோது அவர் மகளுக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. கொரோனா ஊசி மேல் இருந்த கோபம் மெல்ல எல்லா ஊசி மேலும் போயிற்று. மூன்றரை மாத ஊசி போடவில்லை. அது எனக்கு ஆகஸ்டில்தான் தெரிந்தது, அதுவும் எங்கள் ஆச்சி, அதாவது என் அக்கா மூலம். ஆச்சி என்னைப் போல் இல்லை. பலகாரம் கட்டிக்கொண்டு போய் வளவில் உட்கார்ந்து, ஊசி என்ற வார்த்தையே எடுக்காமல் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, கிளம்பும்போது அந்தப் பெண்ணைத் தனியாக அடுப்படியில் வைத்து "எதுக்கு பயப்படுற?" என்று மட்டும் கேட்டாளாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்ததைப் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான். நாலு மாதமாக குரூப்பில் உலக அரசியல் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே இருந்தது ஒரு காய்ச்சல் பயம்.

அடுத்த புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். நர்சம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்து, திட்டவில்லை. விட்டுப்போனதால் முதலிலிருந்து போட வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும் என்றார். இடது தொடையில் ஒன்று, வாயில் சொட்டு. காய்ச்சல் வந்தால் எந்த மாத்திரையை எவ்வளவு உடைத்துக் கொடுப்பது என்று நகத்தால் கோடு போட்டுக் காட்டி, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்.

பேத்தியைத் தூக்கிக்கொண்டு போனவர் அம்மான்தான். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவரிடம் ஆச்சி போனை நீட்ட, நான் அந்தப் பக்கம் என்ன சொல்வதென்று தெரியாமல், "சாப்ட்டாச்சா அம்மான்?" என்றேன். சாப்பிட்டுவிட்டாராம். வைக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

"குரூப்ல போட்டுடாதே."