பழைய கணினியில் உலாவி அடிக்கடி நின்றுவிடுகிறதா? முதலில் பார்க்க வேண்டியவை

தேர்வு விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிக்கொண்டிருக்கும்போது உலாவி அசையாமல் நின்று திரை வெளுத்துப்போனால், பெரும்பாலோர் மின்பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைப்பார்கள். அடுத்த முறையும் அப்படியே நடந்தால் உலாவியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள். முதலாவது வன்தட்டில் உள்ள கோப்புகளுக்குக் கேடு விளைவிக்கக்கூடும். இரண்டாவதால் பயன் கிடைப்பது அரிது. ஏனெனில் பத்தாண்டு கடந்த கணினியில் உலாவி நிற்பதற்கான காரணம் பல நேரங்களில் ராம் எனும் தற்காலிக நினைவகத்திலோ, வன்தட்டிலோ, சூட்டிலோதான் இருக்கிறது. ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன், நிற்கும் அந்த நேரத்தில் கணினிக்குள் திணறுவது எது என்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அதற்கு உலாவியைத் திறக்கும் முன்பே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, கணினியின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, திரையின் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உலாவி நின்ற பிறகு திறக்க முயன்றால் அதுவும் சேர்ந்து காக்கவைக்கும். விண்டோஸ் 10-இல் செயலியைக் குறிக்கும் சிபியு, ராமைக் குறிக்கும் மெமரி, வன்தட்டைக் குறிக்கும் டிஸ்க் என்ற மூன்று பத்திகளும் ஒரே இடத்தில் தெரியும். விண்டோஸ் 7-இன் டாஸ்க் மேனேஜர் வன்தட்டின் வேலையைக் காட்டாது. அங்கிருந்து ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து டிஸ்க் பகுதியைப் பார்க்க வேண்டும். இனி வழக்கம்போல வேலை செய்யுங்கள். உலாவி நிற்கும்போது இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

மெமரி 90 விழுக்காட்டைத் தாண்டி, டிஸ்க்கும் 100-இல் நின்றால், ராம் போதவில்லை என்று பொருள். ராமில் இடமில்லாதபோது விண்டோஸ் அதிலுள்ள சிலவற்றை வன்தட்டில் எழுதி வைத்து, தேவைப்படும்போது திரும்பப் படிக்கிறது. வன்தட்டு ராமைவிடப் பல மடங்கு மெதுவானது என்பதால், நீங்கள் ஒரு தாவலிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றதும் எல்லாம் நின்றதுபோலத் தெரிகிறது. தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் கடலூர் மாவட்டத்தில் இன்னமும் பல வீடுகளில் ஓடுகின்றன. அக்காலத்து மடிக்கணினிகளில் 2 ஜிபி ராம் இருப்பது வழக்கம். 2018 முதல் குரோம் வெவ்வேறு தளங்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து இயக்குகிறது; பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் 2 ஜிபி கணினிக்கு அது பெரும் சுமை.

ராம் வாங்கும் முன் செலவில்லாத வழிகளை முயன்று பார்க்கலாம். குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் உலாவிக்கே உரிய டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்தத் தாவல், உலாவியில் கூடுதலாகச் சேர்த்த எந்த நீட்சி எவ்வளவு நினைவகத்தை விழுங்குகிறது என்பதை அது வரிசையாகக் காட்டும். பயர்பாக்ஸில் இதே கருவி மெனுவில் உள்ளது. நீட்சிகள் மீது ஐயம் இருந்தால், அதே பக்கத்தை, பார்த்த வரலாற்றைச் சேமிக்காத இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து பாருங்கள். நீங்களாக அனுமதிக்காதவரை அங்கே நீட்சிகள் இயங்குவதில்லை. அங்கு சீராக ஓடினால் நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக் காரணத்தைப் பிடித்துவிடலாம். குரோம் அமைப்புகளில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் உள்ள மெமரி சேவரை இயக்கிவிடுங்கள். இரண்டு வைரஸ் தடுப்பு நிரல்கள் இருந்தால் ஒன்றை நீக்கிவிடுங்கள். தளங்களிலிருந்து உலாவி சேமித்து வைத்த கோப்புகளான கேஷை அழிப்பதால் சில நேரம் பயன் உண்டு. குக்கிகளையும் சேர்த்து அழித்தால் எல்லாத் தளங்களிலும் மறுபடி உள்நுழைய வேண்டியிருக்கும்.

மூன்று எண்களும் குறைவாகவே இருந்து, காணொளி ஓடும்போதோ பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும்போதோ மட்டும் உலாவி நின்றால், வரைகலைச் சில்லை இயக்கும் மென்பொருளான பழைய டிரைவர் புதிய உலாவியோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். குரோம் அமைப்புகளில் சிஸ்டம் என்ற பகுதியில் உள்ள கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷனை அணைத்துவிட்டு உலாவியை மறுபடி தொடங்குங்கள். சிக்கல் தீராவிட்டால் அதைப் பழையபடி இயக்கிவிட வேண்டும். இல்லையென்றால் காணொளியின் சுமை முழுவதும் சிபியு மீது விழும்.

மெமரியில் இடமிருந்தும், ஒரே தாவல் திறந்திருந்தும் டிஸ்க் 100-இலேயே நின்று, வன்தட்டு பதில் தர எடுக்கும் சராசரி மறுமொழி நேரம் பல நூறு மில்லிசெகண்டுகளைத் தொட்டுக்கொண்டிருந்தால், வன்தட்டே பழுதாகிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. இந்நிலையில் வேறு எந்தச் சோதனையையும் தொடங்காமல் குடும்பப் படங்கள், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். வன்தட்டை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்துவதுதான் பழைய கணினிக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த செலவு என்பது என் எண்ணம்.

சிபியு உயர்ந்து, மின்விசிறி இரைந்து, கணினியின் அடிப்பகுதி கைவைக்க முடியாமல் கொதித்தால், சூட்டைத் தணிக்கச் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கத்திரி வெயில் காலத்தில் நம் பக்கம் இது சாதாரணம். கடலோரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. தேவனாம்பட்டினத்திலும் வீராம்பட்டினத்திலும் ஜன்னல் கம்பியை அரிக்கும் அதே உப்புக் காற்றுதான் மின்விசிறி வழியாகக் கணினிக்குள்ளும் போகிறது. ஈரத்தில் தூசி கட்டியாகி வெப்பம் வெளியேறும் துடுப்புகளை அடைக்கிறது. ராமின் தொடுமுனைகளிலும் மங்கலான படலம் படிகிறது. இந்தப் படலத்தால் உலாவி மட்டுமல்லாமல் கணினி முழுவதுமே திடீரென்று உறைந்துபோகலாம், நீலத் திரையும் வரலாம்.

சுத்தம் செய்வதற்கு முன் மின்கம்பியை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, மின்பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். இரும்புப் பொருள் ஒன்றைத் தொட்டுவிட்டு, இருபுறக் கொக்கிகளையும் விலக்கினால் ராம் சாய்வாக மேலெழும். அதன் ஓரங்களை மட்டும் பிடியுங்கள். பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் மெதுவாக, ஒரே திசையில் தேய்த்து, உதிர்ந்த துகளை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது; பொன் முலாமே போய்விடும். மின்விசிறியில் காற்றடிக்கும்போது அதன் இதழை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், அளவுமீறிச் சுழன்றால் அது கெட்டுவிடும்.

ராம் கூட்டுவதென்றால், மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரியிலோ கடைக்குப் போகும்போது பழைய ராமைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒட்டியுள்ள தாளில் பிசி3 என்றிருக்கிறதா, பிசி3எல் என்றிருக்கிறதா என்று பாருங்கள், பின்னது 1.35 வோல்ட்டில் இயங்குவது, அதற்காகவே அமைந்த சில கணினிகள் 1.5 வோல்ட் ராமை ஏற்காது. 32 பிட் விண்டோஸ் உள்ள கணினியில் 4 ஜிபிக்கு மேல் போடுவது வீண் செலவு.

இயங்குதளத்தின் வயதையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி குரோம், 2023 ஜனவரியில் வந்த 109-ஆம் பதிப்பு. புதிய தளங்கள் அதில் தடுமாறினால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை, வங்கி வேலைக்கு அது பாதுகாப்பானதும் அல்ல. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. 64 பிட் செயலியும் 4 ஜிபி ராமும் இருந்தால் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை முயலலாம். நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கும் வசதி அதில் இருக்கிறது. அப்படி இயக்கியபோது உலாவி சீராக ஓடினால் பழுது பழைய விண்டோஸிலோ வன்தட்டிலோ இருக்கிறது. அங்கும் உறைந்தால் ராம், சூடு, தாய்ப்பலகை ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். குறித்து வைத்த எண்களோடு கணினியைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, பென் டிரைவில் இயக்கியபோதும் நின்றது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.