கர்ப்பகால ஓய்வில் அம்மா, வீட்டில் பிள்ளைகள்: படிப்பை நடத்துவது எப்படி?

பிறஷர் ஏறினாலோ, நச்சுக்கொடி கீழே இருந்தாலோ, இரத்தக்கசிவு கண்டாலோ "ஓய்வாக இருங்கோ" என்று டொக்டர் சொல்லிவிடுவார். சொல்வது சுலபம். அப்பா வேலைக்குப் போன பிறகு தரம் 1இலும் தரம் 4இலும் படிக்கிற இரண்டு பேரோடும் மூன்று வயதுக் குட்டியோடும் வீட்டில் இருக்கப் போவது நீங்கள்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்க ஆள் இல்லாத வாரங்களில் படிப்பும் உங்கள் கட்டிலடிக்கு வந்துவிடும். அப்போது அம்மாவின் வாயும் காதும் மட்டும் வேலை செய்தால் போதும். எழும்புவது, தூக்குவது, எடுத்து வைப்பது எல்லாம் மற்றவர்கள் பாடு. கீழே உள்ள ஒழுங்கு முழுவதும் இதற்காகத்தான்.

படி 1: ஓய்வு என்றால் எவ்வளவு?

அடுத்த கிளினிக்கில் இவற்றைக் கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்: நிமிர்ந்து உட்காரலாமா, எவ்வளவு நேரம்? மலசலகூடத்துக்கும் குசினிக்கும் நடக்கலாமா? படி ஏறலாமா? சின்னப்பிள்ளையைத் தூக்கலாமா? நாள் முழுவதும் அசையாமல் படுத்திருந்தால் குறைமாதப் பிரசவம் தடைபடும் என்பதற்கு நல்ல சான்று கிடையாது. மாறாக, காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடும். அதனால் "படுத்தே கிட" என்று அயலவர் சொல்வதைக் கேட்காமல், டொக்டர் விட்ட அளவுக்கு அசையுங்கள். தடை இல்லையென்றால் விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை இரண்டு பாதங்களையும் மேலும் கீழுமாகப் பத்துப் பதினைந்து தரம் ஆட்டுங்கள்.

படி 2: பள்ளிக்கூடத்துக்குச் சொல்லுங்கள்

இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். பிள்ளையின் பெயர் பதிவேட்டில் இருக்கட்டும். அதிபருக்கு ஒரு கடிதம், அதோடு மருத்துவக் குறிப்பின் பிரதி. வகுப்பு ரீச்சரிடம் வாரத்துக்கான பாட அலகுகளை மட்டும் கேளுங்கள். பாடப்புத்தகம் கையில் இல்லாவிட்டால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ் மொழிமூலப் புத்தகங்களை இலவசமாக இறக்கலாம்.

படி 3: கட்டிலடியை ஒழுங்கு செய்யுங்கள்

கர்ப்பம் வளர வளர மல்லாந்து படுத்தால் பெரிய இரத்தக்குழாய் அழுத்தப்பட்டுத் தலைசுற்றும். ஆகவே சரிந்துதான் படுப்பீர்கள், பெரும்பாலும் இடப்பக்கம். அப்படியென்றால் உங்கள் முகம் பார்க்கும் இடப்பக்கம் திறந்திருக்க வேண்டும், சுவர் முதுகுப் பக்கம் வர வேண்டும். கட்டிலை அப்படித் திருப்பிப் போடுங்கள். பலர் இதைச் செய்யாமல் பிள்ளையை முதுகுக்குப் பின்னால் இருத்திவிட்டுக் கழுத்தைத் திருப்பித் திருப்பி நோவெடுக்கிறார்கள்.

கட்டிலுக்கு முன்னால் ஒரு பாய், அதில் பிள்ளை எழுத ஒரு பதிந்த ஸ்டூல். கையெட்டும் இடத்தில் இரண்டு லீற்றர் தண்ணீர் (டொக்டர் அளவு வைத்திருந்தால் அந்த அளவு), சார்ஜில் போன், ஒரு சின்ன மணி. மணி வேடிக்கைக்கு அல்ல. குசினிவரை கத்திக் கூப்பிட்டால் வயிறு இறுகும், ஆத்திரமும் வரும்.

கொப்பி திருத்தப் பேனை வேண்டாம், பென்சில் வையுங்கள். சரிந்து படுத்தபடி கொப்பியைத் தலையணையில் நிமிர்த்திப் பிடித்து எழுதினால் போல்பொயின்ற் முனைக்கு மை இறங்காது. இரண்டு வரியில் நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் கைக்கு எட்டுவது குட்டியின் கைக்கும் எட்டும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரை சின்னப்பிள்ளைக்கு நஞ்சு. சில மாத்திரைகளே உயிருக்கு ஆபத்தாகலாம். மாத்திரை முழுவதையும் உயர அலுமாரியில் பூட்டி, அன்றன்றைக்கு உரியதை மட்டும் பெரியவர் ஒருவர் எடுத்துத் தந்து, நீங்கள் விழுங்கும்வரை நிற்கட்டும். இரும்புச்சத்தையும் கல்சியத்தையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். தேநீரோடும் வேண்டாம், உடம்பில் சேராது.

படி 4: ஐந்து பை

திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கொரு துணிப்பை. ஞாயிறு இரவு அப்பாவோ அம்மம்மாவோ நிரப்பிக் கதவுக் கொழுவியில் தொங்கவிட வேண்டும். ஒவ்வொன்றிலும் வாசிப்புப் புத்தகம், கொப்பி, சீவிய பென்சில் இரண்டு, அழிறப்பர், அன்றைய கணக்குத்தாள், கைவேலைக்கு ஏதாவது ஒன்று. பென்சில் சீவுவதற்கென்று எழும்பும் பிள்ளை பாதி நாள் திரும்பி வராது, அதனால்தான் இரண்டு.

படி 5: நேரம்

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மே முதல் ஆகஸ்ட் வரை திருகோணமலையில் பத்து மணிக்குப் பிறகு அறை கொதிக்கும். 7.30க்குத் தொடங்கி 9.30க்கு முடியுங்கள். ஒருவருக்கு ஒருவராகச் சொல்லிக் கொடுக்கும்போது இரண்டு மணித்தியாலம் தாராளம். பெரியவர் தனியாக எழுதும் 20 நிமிடத்தில் சின்னவருக்கு வாசிப்பு, பிறகு மாற்றுங்கள். தரம் 1 பிள்ளைக்கு ஒரே மூச்சில் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். காலையில் வாந்தி எடுப்பவர்கள் மாலை 4 மணிக்கு மாற்றலாம்.

படி 6: படுத்தபடியே பாடம்

வாசிப்பு: பிள்ளை உரத்து வாசிக்கட்டும், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். தடக்கிய இடத்தில் சொல்லைச் சொல்லிக் கொடுக்காமல் எழுத்து எழுத்தாகக் கூட்டச் சொல்லுங்கள். பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் கதையைத் திருப்பிச் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் அது வாசித்தது எழுத்தைத்தான், விஷயத்தை அல்ல.

சொல்வதெழுதல்: நம் பேச்சில் ழ, ள இரண்டும் ஒன்றாகவே விழும். ர, ற நிலையும் அதுதான். காதால் கேட்டு எழுதும் பிள்ளை பிழைவிடுவது அதன் குற்றம் அல்ல. தனிச்சொல்லாகச் சொல்லாமல் வசனத்தில் வைத்துச் சொல்லுங்கள்: "வாழையில் குலை தள்ளியிருக்கு", "சந்தையில் வாளை மீன் வாங்கினோம்", "அடுப்பில் கரி", "சட்டியில் கறி". நாளுக்கு ஐந்து வசனம் போதும். பிழையை நீங்கள் திருத்தாமல் அடியில் கோடு மட்டும் போடுங்கள்.

கணிதம்: 30 முட்டை பிடிக்கும் வெறும் தட்டு ஒன்றை எடுங்கள். ஆறு குழி கொண்ட ஐந்து வரிசை, அப்படியே ஆறாம் வாய்ப்பாட்டின் ஐந்து படி. இன்னொரு தட்டில் இரண்டு வரிசையை, வரிசைக்கு ஐந்து குழியாக வெட்டி எடுத்தால் பத்துக் குழி. 8உடன் 5ஐக் கூட்டும்போது முதலில் பத்தை நிரப்பி மிச்சத்தை எண்ணும் பழக்கம் இதில் வரும். உள்ளே போட உடைக்காத கச்சான்கடலை நல்லது. குட்டி அறையில் இருந்தால் அதுவும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். அப்போது போத்தல் மூடி எடுங்கள், ஆகப் பெரியதாக.

தரம் 4க்கு மீன் கணக்கு. அப்பா மீன் வாங்கி வரும் அன்று கிலோ விலையை மட்டும் துண்டில் எழுதித் தரட்டும். சூடை முக்கால் கிலோ, பாரை அரைக் கிலோ, கொடுத்த காசு, மிச்சக் காசு. பின்னமும் பெருக்கலும் ஒரே இடத்தில் வந்துவிடும்.

சுற்றாடலுக்கு நீங்கள் வெளியே போகத் தேவையில்லை. பின்னேரம் அப்பாவோடு திருகோணமலைக் கோட்டைப் பக்கம் போனால் புள்ளிமான்கள் நிற்கும். பிள்ளை பார்த்து வந்து ஐந்து விஷயம் சொல்ல வேண்டும்: என்ன தின்றது, எந்த மானுக்குக் கொம்பு இருந்தது, எந்த மானுக்கு இல்லை. கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனால் ஏழு கிணற்றையும் சூட்டின்படி வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்.

படி 7: குட்டி

தூக்காதீர்கள். ஏறுவதற்கு ஒரு உறுதியான முக்காலி வைத்தால் தானே கட்டிலுக்கு வரும். உங்கள் வயிற்றுப் பக்கம் ஒரு தலையணையை அணை வையுங்கள், உதை விழாது. "தம்பிப் பாப்பாவால்தான் அம்மா படுத்திருக்கிறா" என்று யாரும் சொல்லக்கூடாது. பிறக்கும் முன்பே வன்மம் வைத்துவிடும்.

படி 8: அவசரம்

இரத்தப்போக்கு, தண்ணீர் உடைதல், கடும் தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, காய்ச்சல், ஒற்றைக் கெண்டைக்காலில் வீக்கமும் நோவும், மூச்சுத்திணறல், குழந்தையின் அசைவு குறைதல்: எதற்கும் அடுத்த கிளினிக்வரை காத்திருக்க வேண்டாம், உடனே வைத்தியசாலை. சுவசெரிய அம்புலன்ஸ் 1990, இலவசம். அந்த எண்ணையும், வீட்டு விலாசத்தையும், பக்கத்துக் கோயிலையோ பள்ளிவாசலையோ கடையையோ அடையாளமாகவும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மூத்த பிள்ளை உண்மையில் போன் எடுக்காமல், இவற்றைச் சொல்லிப் பழகட்டும். ஆனால் அசைவு எண்ணும் வேலையைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள், அந்தப் பயம் அதற்கு வேண்டாம். மூதூர், வெருகல் போன்ற தூரப் பக்கங்களில் இருப்பவர்கள் இரவில் எந்த வாகனம் வரும் என்று இப்போதே பேசி வையுங்கள். கிளினிக் அட்டை தலைமாட்டில் இருக்க வேண்டும்.

உங்களை வைத்தியசாலையில் தங்க வைத்துவிட்டால் ஐந்து பை ஒழுங்கு ஓடாது. அதற்கென்று அம்மம்மாவிடம் ஒரு உறை கொடுத்து வையுங்கள். அதில் மூன்றே வேலை: 15 நிமிட வாசிப்பு, ஒரு வாய்ப்பாடு, ஒரு பக்க எழுத்து. கொப்பியை அவர் திருத்த வேண்டியதில்லை, திகதி போட்டு வைத்தால் போதும்.