பெரிய மோட்டார்ஹோமைப் பதறாமல் ஓட்டப் பழகுவது எப்படி?

பல வருடம் கார் ஓட்டியவர்கள்கூட, படுக்கை, சமையலறையோடு வீடுபோல் அமைந்த 30 அடி மோட்டார்ஹோமில் முதல்முறை ஏறி உட்கார்ந்ததும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் பிடித்தேன், முதல் நாள் இறங்கியபோது தோள்பட்டை இரண்டும் கல்லாக இருந்தது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அப்புறம் யோசித்தால் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது: பின் சக்கரம் எங்கே உருள்கிறது, அதற்கும் பின்னால் தொங்கிக்கொண்டு வரும் வால் எந்தப் பக்கம் வீசுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால் 40 அடி வண்டியும் கைக்கு அடங்கிவிடும். அதனால் இங்கே சொல்லப்போவதில் பாதிக்கு மேல் காலி மைதானத்திலோ ஆளில்லாத பெரிய பார்க்கிங் திடலிலோ செய்ய வேண்டியவை. இரண்டு சாக்பீஸ், சாலையில் தடுப்பாக வைக்கும் கோன் நாலைந்து, ஒரு டேப், கூட ஒரு ஆள் இருந்தால் போதும்.

படி 1: வண்டியை அளந்து, எழுதி, கண்ணில் படும்படி ஒட்டுங்கள்

கையேட்டில் போட்டிருக்கும் உயரத்தை அப்படியே நம்ப வேண்டாம். கூரைமேல் ஏசி, ஆன்டெனா, சோலார் தகடு என்று பின்னால் ஏறியவை அதில் சேர்ந்திருக்காது. ஏணி போட்டு ஏறி, ஆக உயரமான பொருளின் உச்சியில் ஒரு நீளக் குச்சியைக் கிடையாக நீட்டிப் பிடித்து, குச்சி முனையிலிருந்து தரைக்கு டேப்பைத் தொங்கவிட்டு அளந்தால் சரியான உயரம் கிடைக்கும். அதோடு 10 சென்டிமீட்டர் கூட்டி எழுதுங்கள். பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து அகலம், பின் பம்பர் வரை நீளம், மொத்த எடை, எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஓட்டுநர் கண்ணுக்கு நேரே ஒட்டிவிடுங்கள்.

உயரத்தை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில், டர்ஹம் நகரில் ஒரு ரயில் பாலம் இருக்கிறது, அதன் அடியில் இருந்த இடைவெளி வெறும் 11 அடி 8 அங்குலம். எச்சரிக்கைப் பலகை, மின்னும் விளக்கு எல்லாம் வைத்தும் உயரமான வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் மோதிக் கூரையை உரித்துக்கொண்டே இருந்தன. 2019-ல் பாலத்தை 12 அடி 4 அங்குலத்துக்குத் தூக்கினார்கள், அதன் பிறகும் மோதல் நிற்கவில்லை. பலகையில் எழுதியிருப்பது எல்லோருக்கும் தெரிகிறது, தன் வண்டியின் உயரம்தான் பல பேருக்கு மனதில் இல்லை. கார்களுக்கான வழிகாட்டிச் செயலிக்கும் உங்கள் உயரம் தெரியாது, பெரிய வண்டிகளின் அளவைக் கேட்டு வாங்கிக்கொண்டு வழி சொல்லும் செயலியையே பயன்படுத்துங்கள்.

எடையையும் எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள், சாமான், தண்ணீர், ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, ஆக 300 லிட்டர் தொட்டி நிரம்பினால் நாலு பெரியவர்களைக் கூடுதலாக ஏற்றியதற்குச் சமம். ஒவ்வொரு அச்சிலும் எவ்வளவு எடை விழுகிறது என்று தெரிந்தால்தான் டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று முடிவு செய்ய முடியும். காற்றைப் பார்ப்பது காலையில், டயர் சூடாகும் முன்.

படி 2: கண்ணாடிகளைச் சரிசெய்வது

தட்டைக் கண்ணாடி தூரத்தை உள்ளபடி காட்டும். குவிந்த கண்ணாடி அகலமாகக் காட்டும், ஆனால் எல்லாவற்றையும் சிறிதாக்கித் தள்ளிவைத்துக் காட்டும். தட்டைக் கண்ணாடியில் வண்டியின் பக்கச்சுவர் ஒரு மெல்லிய பட்டையாகவும் மீதி முழுக்கச் சாலையாகவும் தெரியட்டும், குவிந்த கண்ணாடியில் உங்கள் பின் சக்கரம் தரையைத் தொடும் இடம் கட்டாயம் தெரிய வேண்டும். வைத்து முடித்ததும் கூட வந்தவரை வண்டியைச் சுற்றி மெதுவாக நடக்கச் சொல்லி, அவர் எங்கே மறைகிறார், எங்கே மீண்டும் தெரிகிறார் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பாருங்கள். ஒரு முழு ஆள் எவ்வளவு நேரம் காணாமல் போகிறார் என்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் லேன் மாறும்போது அவசரப்படவே தோன்றாது.

படி 3: வால் எவ்வளவு வீசுகிறது என்று கண்டுபிடியுங்கள்

இந்த ஒரு பயிற்சியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு நேர்க்கோடு போடுங்கள், அல்லது பார்க்கிங் திடலில் ஏற்கனவே இருக்கும் கோடு போதும். வண்டியின் ஒரு பக்கச்சுவர் கோட்டுக்கு நேர் மேலே இருக்கும்படி, கோட்டை ஒட்டியே நிறுத்துங்கள். கூட இருப்பவர் சாக்பீஸோடு பின்பக்கம், வண்டிக்கு எட்டடியாவது தள்ளி நிற்கட்டும். இப்போது ஸ்டீயரிங்கைக் கோட்டுக்கு எதிர்ப்பக்கமாக முழுதாக ஒடித்து, நடக்கும் வேகத்துக்கும் குறைவாக முன்னால் உருட்டுங்கள். முன்பக்கம் கோட்டை விட்டு விலக விலக, பின் மூலை கோட்டைத் தாண்டி வெளியே வரும். அது ஆக அதிகமாக எவ்வளவு தூரம் தாண்டியதோ அந்த இடத்தை அவர் குறித்துக்கொள்ள வேண்டும். இறங்கிப் போய் கோட்டிலிருந்து குறி வரை அளந்து பாருங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் 3 மீட்டர் தொங்கும் வண்டியில் ஒன்றரை அடி வருவது சாதாரணம். அந்த அளவையும் படி 1-ல் ஒட்டிய காகிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், வண்டி முழுவதும் பின் அச்சை மையமாக வைத்துத்தான் திரும்புகிறது. அச்சுக்கு முன்னால் இருப்பது ஒரு பக்கம் போனால் பின்னால் இருப்பது மறுபக்கம் போகும். காரில் பின் சக்கரத்துக்குப் பின்னால் அதிகம் எதுவும் கிடையாது என்பதால் நாம் அதைக் கவனித்ததே இல்லை.

எனக்கு இது தெரிய வந்தது ஒரு எரிபொருள் பங்க்கில். டீசல் போட்டு முடித்து, பம்ப்பைக் காக்க நட்டிருந்த மஞ்சள் இரும்புத் தூணை ஒட்டி நின்றவன், வாசல் தெரிந்ததும் ஸ்டீயரிங்கை வெளிப்பக்கம் ஒடித்துக் கிளம்பிவிட்டேன். முன்னால் எதுவும் இல்லை, பார்வை முழுக்க முன்னால்தான். பின்னாலிருந்து தகரத்தை நகத்தால் கீறுவதுபோல் நீளமாக ஒரு சத்தம் வந்தது. இறங்கிப் பார்த்தால் பின் மூலைச் சாமான் பெட்டியின் கதவு உள்ளே ஒடுங்கி, தூணின் மஞ்சள் பெயின்ட் அதன்மேல் பட்டையாக ஒட்டியிருந்தது. தூணுக்குப் பதில் ஒரு ஆள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்றிலிருந்து ஒரே பழக்கம்: பின் மூலை தூணைத் தாண்டிவிட்டது என்று கண்ணாடியில் தெரியும் வரை நேராகவே போவது, அப்புறம்தான் ஒடிப்பது. முடிந்தவரை ஆக வெளிப்பக்கம் இருக்கும் பம்ப்பில் நிறுத்துங்கள், உள்ளே போகும் முன்பே வெளியே வரும் வழியையும் மேற்கூரையின் உயரத்தையும் பார்த்துவிடுங்கள்.

படி 4: திருப்பங்கள்

வால் வெளியே வீசினால், பின் சக்கரம் உள்ளே வெட்டும். முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் வராது, திருப்பத்தின் உள்பக்கமாகச் சுருக்கி வரும். நடைபாதை ஓரத்தில் டயர் ஏறுவதும் பெயர்ப்பலகைக் கம்பம் சாய்வதும் இதனால்தான்.

மைதானத்தில் ஒரு கோனை வைத்து அதைத் தெருமுனை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேருந்துபோல் முகம் தட்டையாக உள்ள வண்டி என்றால் நீங்கள் முன் சக்கரத்துக்கு மேலேயோ அதற்கும் முன்னாலேயோ உட்கார்ந்திருப்பீர்கள், அதனால் காரில் ஒடிக்கும் இடத்தில் ஒடித்தால் கோன் பின் சக்கரத்துக்கு அடியில் போகும். உங்கள் உடம்பே கோனைத் தாண்டும் வரை, அதற்கு மேலும் கொஞ்சம், நேராகப் போங்கள். பிறகு ஒடியுங்கள், ஒடிக்கும்போதே உள்பக்கக் கண்ணாடியில் பின் சக்கரத்தைப் பாருங்கள். கோனுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இரண்டடி இருந்தால் நல்ல திருப்பம். நெருங்குகிறது என்றால் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நிமிர்த்தினாலே சக்கரம் விலகும். இரண்டு பக்கமும் பத்துப் பத்து முறை செய்யுங்கள், பத்தாவது முறையில் கண்ணாடியைப் பார்க்கும் முன்பே எங்கே ஒடிப்பது என்று கை சொல்லிவிடும்.

சாலையில் ஓரத்தை ஒட்டித் திரும்பும்போது, இடம் வேண்டுமென்று முதலிலேயே எதிர்ப்பக்கம் அகலமாக விலகிவிட்டுத் திரும்பாதீர்கள். அந்த இடைவெளியைப் பார்த்ததும் பின்னால் வரும் சைக்கிளோ காரோ உள்ளே நுழைந்துவிடும், நீங்கள் ஒடிக்கும்போது அது உங்கள் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஓரத்தை அணைத்தபடியே முனைக்குள் ஆழமாகப் போய், திரும்பி முடிக்கும் இடத்தில் அகலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: லேனுக்குள் நேராக ஓடுவது

புதிதாக ஓட்டுபவர்கள் எல்லோரும் ஓட்டுநருக்கு மறுபக்கமாகச் சாய்ந்தே போவார்கள், ஏனென்றால் காரில் பழகிய கண் தன் உடம்பை லேனின் நடுவில் வைக்கப் பார்க்கும். பெரிய வண்டியில் உங்கள் பக்கத்துக் கோடு உங்களுக்கு மிக அருகில் இருப்பதுபோல் தோன்றும், அது அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டு கண்ணாடியிலும் பின் சக்கரத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரே அளவு இடம் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் நடுவில் இருக்கிறீர்கள். பார்வையைத் தூரத்தில் வைத்தால் வண்டி தானாக நேராக ஓடும், முன்னால் பத்தடியைப் பார்த்தால் பாம்புபோல் நெளியும்.

பெரிய லாரி வேகமாகப் பக்கத்தில் தாண்டும்போது அதன் காற்று முதலில் உங்களைத் தள்ளும், பிறகு தன் பக்கம் இழுக்கும். முன்கூட்டியே கண்ணாடியில் பார்த்துவிட்டால் ஸ்டீயரிங்கை லேசாகத் திருத்தினால் போதும். குறுக்குக் காற்று பலமாக இருந்தால் வேகத்தைக் குறையுங்கள், மிகப் பலமென்றால் ஓரம்கட்டிக் காத்திருங்கள்.

படி 6: நிறுத்துவதும் இறங்குவதும்

லாரி ஓட்டுநர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு கணக்கு உண்டு: வண்டியின் ஒவ்வொரு 10 அடி நீளத்துக்கும் ஒரு விநாடி இடைவெளி, மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் போனால் இன்னொரு விநாடி. 40 அடி வண்டிக்கு நெடுஞ்சாலையில் 5 விநாடி. முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள், அதே கம்பத்தை நீங்கள் எட்டும் முன் அத்தனை விநாடி ஆகியிருக்க வேண்டும். இடையில் யாராவது புகுந்தால் புகட்டும், மறுபடி இடைவெளி விட்டுக்கொள்ளுங்கள்.

மலை இறக்கத்தில் பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தால் அது சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தும் பிடிக்காது. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எஞ்சின் பிரேக் இருந்தால் அதையும் போட்டு, வண்டியை எஞ்சினே பிடித்திருக்கும்படி விடுங்கள். வேகம் நீங்கள் வைத்த அளவை எட்டினால் பிரேக்கை அழுத்தமாக ஒரு மூன்று விநாடி மிதித்து, வைத்த அளவைவிட மணிக்கு 8 கிலோமீட்டர்போல் குறைந்ததும் முழுதாக விட்டுவிடுங்கள். மறுபடி எட்டினால் மறுபடி.

ஓடும்போது டயர் வெடித்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும், போக விடாதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வண்டி நேரே ஓடுகிறது என்று உறுதியான பிறகு ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, வேகம் நன்றாகக் குறைந்ததும் ஓரம்கட்டுங்கள்.

படி 7: ரிவர்ஸ்

தனி மோட்டார்ஹோம் ரிவர்ஸில் கார் மாதிரிதான், எந்தப் பக்கம் ஒடிக்கிறீர்களோ அந்தப் பக்கம் பின்புறம் போகும். பின்னால் கார் கட்டி, அதன் நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்து வந்திருந்தால் மட்டும் ரிவர்ஸே எடுக்காதீர்கள், காரின் முன் சக்கரம் தாறுமாறாகத் திரும்பி இணைப்புக் கம்பியும் காரும் சேதமாகும். கழற்றிவிட்டு எடுங்கள்.

முதலில் இறங்கி அந்த இடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள்: கம்பம், கல், தாழ்ந்த கிளை, மேலே ஒயர். முடிந்தவரை உங்கள் ஜன்னல் பக்கமாக ரிவர்ஸ் எடுக்கும்படி வண்டியை அமையுங்கள், அப்போதுதான் தலையை வெளியே நீட்டிப் பின் சக்கரத்தை நேராகப் பார்க்கலாம். ரேடியோவை அணைத்து, ஜன்னலை இறக்குங்கள். வழிகாட்டுபவர் உங்கள் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்திலேயே நிற்க வேண்டும், அவர் கண்ணாடியிலிருந்து மறைந்த நொடி நீங்கள் பிரேக் போட வேண்டும், இதை இருவரும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். “இந்தப் பக்கம், அந்தப் பக்கம்” என்றால் குழப்பம், எந்தப் பக்கம் வால் போக வேண்டுமோ அந்தப் பக்கம் அவர் கையைக் காட்டினால் போதும், “நிறுத்து” மட்டும் வாயால். பின்புறத்தைப் பார்க்கும் மும்முரத்தில் முன் மூலையை மறந்துவிடாதீர்கள், ரிவர்ஸில் எதிர்ப்பக்கம் வீசுவது அதுதான். சந்தேகம் வந்தால் முன்னால் எடுத்து நேராக்கி மறுபடி வாருங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும்.

படி 8: முதல் பயணம்

கிளம்பும் முன் வண்டியை ஒரு முழுச் சுற்று நடந்து வாருங்கள். வாசற்படி மடங்கியிருக்கிறதா, ஆன்டெனா இறங்கியிருக்கிறதா, நிறுத்தும்போது வண்டியைச் சமமாகத் தாங்கும் ஜாக்கி நான்கும் மேலே ஏறியிருக்கின்றனவா, மின் ஒயரும் தண்ணீர்க் குழாயும் கழற்றியாயிற்றா, கேஸ் மூடியிருக்கிறதா. உள்ளே அலமாரிக் கதவுகளை அழுத்தி மூடுங்கள், முதல் திருப்பத்திலேயே தட்டு விழும் சத்தம் கேட்டால் கவனம் சிதறும்.

முதல் பயணம் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் இடமாக இருக்கட்டும். வழியில் உள்ள பாலங்களின் உயரத்தையும் கடைசி ஒரு கிலோமீட்டர் தெருவின் அகலத்தையும் முந்தின இரவே பார்த்து வையுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள், நிறுத்தும் இடத்தின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளை இருட்டில் எந்தக் கேமராவிலும் தெரியாது.