ரிங்கில் இரண்டு பேர் இருக்கிறார்கள்: சண்டை வர்ணனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக மைக் பிடிக்க வந்த மூன்று பேரின் பயிற்சிப் பதிவுகளைப் போன வாரம் அடுத்தடுத்துக் கேட்டேன். மூன்றாவது பதிவு பாதியைத் தாண்டுவதற்குள் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. அத்தனையும் நான் செய்த தவறுகள். அதே வரிசை, அதே நம்பிக்கை.

பெயரைத் தப்பாக உச்சரிப்பது, தொண்டை கிழியக் கத்துவது, "அனல் பறக்கிறது" என்பதை நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்வது, இதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் வீட்டிலேயே யாராவது சொல்லித் திருத்திவிடுவார்கள். மற்றவர்கள் சொல்லத் தயங்குகிற சிலதை மட்டும் எழுதுகிறேன்.

## திரையில் தெரிவதையே திரும்பச் சொல்வது

வானொலியில் கேட்பவருக்கு நீங்கள்தான் கண். தொலைக்காட்சி பார்ப்பவருக்கு அவர் கண் இருக்கிறது. "ஜாப்... மறுபடி ஜாப்... இப்போது வலது கை..." என்று அடுக்கிக்கொண்டே போனால், தான் பார்ப்பதற்கு யாரோ டப்பிங் பேசுவது போல அவருக்கு இருக்கும். அடி விழுந்தது அவருக்குத் தெரியும். ஏன் விழுந்தது என்பதுதான் தெரியாது.

உதாரணத்துக்கு, இடக்கை வீரரும் வலக்கை வீரரும் மோதும்போது இருவரின் முன்கால்களும் ஒன்றையொன்று மிதிக்கிற அளவுக்கு நெருங்கி நிற்கும். யாருடைய முன்கால் எதிராளியின் காலுக்கு வெளிப்பக்கம் போகிறதோ, பெரும்பாலும் அவருடைய பின்கைக்கு நேர்வழி திறந்துவிடும். இதை முதல் சுற்றில் ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். அப்புறம் பத்து நிமிடம் நீங்கள் பேசாவிட்டாலும் பார்ப்பவர் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

## இடைவேளையில் பேசுவது

வீரர் வந்து உட்காரும் மூலையான கார்னரில் பயிற்சியாளரின் குரல் ஒலிபரப்பாகும்போது வாயைத் திறக்காதீர்கள்.

## கதையை முன்பே முடிவுசெய்துகொண்டு வருவது

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

நான் வர்ணனைக்கு வந்த புதிதில் எட்டுச் சுற்றுக் குத்துச்சண்டை ஒன்று. ஒருவர் தோல்வியே காணாதவர். அவரைப் பற்றி என்னிடம் நான்கு பக்கக் குறிப்பு இருந்தது. எப்படி வளர்ந்தார், இடது ஹூக்கை, அதாவது வளைத்து வீசும் குத்தை, யாரிடம் கற்றார், எத்தனை பேரை அதில் சாய்த்தார், எல்லாம். எதிராளிக்கு அரைப் பக்கம்: உயரம், எடை, வெற்றி, தோல்வி. மைக்கைத் தொடுவதற்கு முன்பே யாருடைய இரவு இது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முதல் ஆறு சுற்றுகளும் அப்படித்தான் போயின. தோல்வி காணாதவர் ஹூக் வீசும்போதெல்லாம் என் குரல் ஏறியது. அதில் பாதிக்கு மேல் எதிராளியின் கையுறையிலும் முழங்கையிலும் போய் விழுந்ததை நான் கவனிக்கவில்லை. அந்த எதிராளியோ ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்து நெஞ்சோடு நெஞ்சாக உள்ளே நுழைந்து, விலாவில் ஒன்று, இரண்டு என்று வைத்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார். "கட்டிப்பிடித்து நேரத்தை ஓட்டப் பார்க்கிறார்" என்றேன் நான்.

ஏழாவது சுற்று. தோல்வி காணாதவர் ஓரடி பின்னால் வைத்தார், நின்றார், பிறகு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினார்.

"வழுக்கிவிட்டார்! கான்வாஸில் ஈரம்!"

நடுவர் எண்ண ஆரம்பித்திருந்தார். ஆறு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் எழவில்லை. ரீப்ளேயில் மூன்று கோணங்களிலும் ஒரே காட்சிதான்: எதிராளியின் இடது முஷ்டி, இவருடைய வலது முழங்கைக்கு அடியில் புகுந்து, கல்லீரல் இருக்கும் இடத்தில் முடிந்திருந்தது. கல்லீரலில் படும் அடிக்கு ஒரு குணம் உண்டு. வாங்கியவர் உடனே விழமாட்டார். ஒரு கணம் ஒன்றுமே நடக்காதது போல இருப்பார், அப்புறம் உடம்பு மடங்கும். அந்த ஒரு கணத்தில் நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்தவரைப் பார்க்கவே இல்லை.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது வென்றவரின் பயிற்சியாளர் வழியில் நின்றார். ஒளிபரப்பைக் கேட்டிருக்கிறார். திட்டவில்லை.

"தம்பி, எங்க பையன் இன்னைக்குச் சண்டைக்கு வந்திருந்தானா?"

நான் ஏதோ உளறினேன். "சத்தத்தை அணைச்சிட்டு ஒரு தடவை பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பார்த்தேன். சத்தமில்லாமல் பார்த்தால் அது வேறு சண்டை. ஆறில் நான்கு சுற்றுகளை அந்த அரைப் பக்கக்காரர்தான் எடுத்திருந்தார். பிறகு சத்தத்தோடு போட்டு, யார் பெயரை எத்தனை தடவை சொன்னேன் என்று தாளில் கோடு கிழித்தேன். ஒருவருக்கு 61, இன்னொருவருக்கு 14. அந்தப் பதினான்கிலும் அவர் எழுவாயாக வந்தது மூன்றோ நான்கோ தடவைதான். மற்ற வாக்கியங்களில் எல்லாம் "அவரை அடித்தார்", "அவரைத் துரத்தினார்". என் இலக்கணத்திலேயே அவர் தோற்றுவிட்டார்.

பெரிய மேடைகளிலும் இது நடக்கிறது. 1990 மார்ச்சில் குத்துச்சண்டை வீரர்கள் மெல்ட்ரிக் டெய்லரும் ஹூலியோ சீசர் சாவெஸும் மோதினார்கள். டெய்லர் மின்னல் வேகத்தில் கொத்துக் கொத்தாகக் குத்தினார். மூன்று புள்ளி நடுவர்களில் இருவருடைய தாளில் நன்றாகவே முன்னிலையில் இருந்தார். ஆனால் சாவெஸின் குத்துகள் எண்ணிக்கையில் குறைவு, எடையில் அதிகம். டெய்லரின் முகம் சுற்றுக்குச் சுற்று வீங்கிக்கொண்டே வந்தது. கடைசிச் சுற்றில் அவர் விழுந்து எழுந்தபோது, இன்னும் 2 விநாடிகள் மிச்சமிருக்க, நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் சண்டையை நிறுத்தினார். அந்த 2 விநாடிகளைப் பற்றி இன்றுவரை சண்டை போடுகிறார்கள். வர்ணனையாளன் பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய அரை மணி நேரத்தை. வேகம் என்ற கதையைப் பிடித்துக்கொண்டவனுக்குச் சேதம் கண்ணில் படாது.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் மைக் டைசனைப் பத்தாவது சுற்றில் வீழ்த்தியிருந்தார். இன்றைக்குப் பதிவைப் போட்டுப் பார்த்தால் அன்று முக்கால்வாசி நேரம் டக்ளஸ்தான் அடித்தார் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஒன்பது சுற்று முடிவில் ஒரு நடுவரின் தாளில் 87-86 என்று டைசன் முன்னிலை, இன்னொருவரிடம் 86-86. மூன்றாமவரிடம் 88-82 என்று டக்ளஸ். டைசன் தோற்க முடியாது என்ற கதை அன்று அரங்கம் முழுக்கப் பரவியிருந்தது.

இதனால் யாருக்கு நஷ்டம்? வர்ணனையாளருக்கு இல்லை. அவர் அடுத்த வாரமும் வந்து உட்காருவார். வீட்டில் பார்ப்பவர் உங்கள் குரலை வைத்துத்தான் மனதுக்குள் புள்ளி போடுகிறார். ரிங் ஓரத்தில் வேறு வேறு பக்கங்களில் உட்கார்ந்திருக்கும் நடுவர்களுக்கு உங்கள் குரல் கேட்பதில்லை. தீர்ப்பு வந்ததும் வீட்டில் இருப்பவர் "அநியாயம்" என்கிறார். நியாயமாக ஜெயித்த ஒருவன் திருட்டுப் பட்டத்தோடு வீட்டுக்குப் போகிறான். எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல் இதுதான்.

நான் இப்போது செய்வது இது. குறிப்பு எடுக்கும்போது இருவருக்கும் ஒரே அளவு தாள். ஒருவரைப் பற்றிச் செய்தி கிடைக்கவில்லை என்றால் அடுத்தவருடையதை வெட்டுவேன். மூன்று நிமிடச் சுற்றில் முதல் நிமிடம் ஒருவரை மட்டும் பார்ப்பேன், இரண்டாவது நிமிடம் மற்றவரை மட்டும், மூன்றாவதில் இருவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை. மணி அடித்ததும், பக்கத்தில் இருப்பவர் வாயைத் திறப்பதற்கு முன், என் புள்ளியைப் பென்சிலால் எழுதிவிடுவேன். அவர் சொன்ன பிறகு எழுதினால் அது அவருடைய புள்ளி.

கடைசி நிமிடத்தில் ஜாக்கிரதை. 1987-இல் ஹாக்லரை எதிர்த்து லெனார்ட் ஒவ்வொரு சுற்றின் கடைசி அரை நிமிடத்திலும் சரமாரியாகக் குத்தி, மணி அடிக்கும்போது எல்லார் கண்ணிலும் தானே நிற்கும்படி பார்த்துக்கொண்டார். ஒரு நடுவர் 118-110 என்று லெனார்டுக்குக் கொடுத்தார், இன்னொருவர் 115-113 என்று ஹாக்லருக்கு. மூன்றாமவரின் 115-113 லெனார்டை ஜெயிக்க வைத்தது. ஒரே சண்டைதான்.

## "கொள்ளை" என்ற சொல்

ஒரு சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு வழக்கமாக 9. நூலிழையில் வென்றாலும் 10-9, நாலாபக்கமும் புரட்டி எடுத்தாலும் பெரும்பாலும் 10-9. விழுந்தால்தான் பொதுவாக 10-8. இந்தக் கணக்கை விளக்காமல் தீர்ப்பைக் கொள்ளை என்று சொல்பவர் தன் வேலையைச் செய்யவில்லை.

## கூண்டின் நடுவில் நிற்பவருக்கே சுற்று என்பது

கூண்டுக்குள் நடக்கும் கலப்புத் தற்காப்புக் கலையின் (எம்எம்ஏ) பொது விதிகளில் இடத்தைப் பிடிப்பது கடைசி அளவுகோல். அடியும் பிடியும் விளைவில் சமமாக இருந்து, முனைப்பும் சமமாக இருந்தால் மட்டுமே அங்கே வர வேண்டும். விதிகளைப் படியுங்கள்.

## சீக்கிரம் நிறுத்திவிட்டார் என்று கூச்சல் போடுவது

நடுவர் வீரரின் கண்ணை ஓரடி தூரத்தில் பார்க்கிறார். நீங்கள் மானிட்டரில் பார்க்கிறீர்கள். 1982 நவம்பர் 13 அன்று மான்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ 14-ஆவது சுற்றில் வீழ்ந்தார். சில நாட்களில் இறந்துபோனார். உலகப் பட்டச் சண்டைகள் 15 சுற்றிலிருந்து 12-க்குக் குறைந்ததற்கு அந்தச் சாவும் ஒரு காரணம். அதே மாதக் கடைசியில் லாரி ஹோம்ஸ், ராண்டல் காப் என்பவரை 15 சுற்றும் போட்டு அடித்தபோது, ஏன் நிறுத்தவில்லை என்று மைக்கிலேயே கொதித்தவர் அமெரிக்க வர்ணனையாளர் ஹோவர்ட் கோசெல். அதன் பிறகு அவர் தொழில்முறைக் குத்துச்சண்டை வர்ணனைக்கே வரவில்லை. அவர் பேச்சு பலருக்குப் பிடிக்காது. எனக்கும் பல இடங்களில் பிடிக்காது. ஆனால் அந்த இரவில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை மறக்க முடியவில்லை.

## பஞ்ச் வசனம் தயாரித்துக்கொண்டு வருவது

1973-இல் ஃபோர்மன் ஃப்ரேசியரை முதல் தடவை வீழ்த்தியபோது அதே கோசெல் சொன்னது, "கீழே விழுந்தார் ஃப்ரேசியர்" என்ற அளவுக்குத்தான். மூன்று தடவை சொன்னார். அதை வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்க முடியுமா? நாக்-அவுட்டுக்கு என்று நான் ஒரு வசனம் எழுதி வைத்திருந்தேன், உவமையெல்லாம் போட்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் விழுந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

## நினைவு தப்பி எழுந்தவரிடம் மைக் நீட்டுவது

வேண்டாம்.

## தண்ணீர்

மூடி உள்ள பாட்டிலாக, எழுதும் கைக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். மூன்று சுற்றுப் புள்ளிகள் பென்சிலோடு கரைந்துபோய், நான்காவதில் "நம் கணக்குப்படி..." என்று ஆரம்பித்துவிட்டு நனைந்த தாளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தவன் சொல்கிறேன்.