செயற்கைக்கோள் வழிகாட்டலில் தரையிறங்குதல்: எல்.பி.வி அணுகலைப் பாதுகாப்பாகக் கையாளும் முறை

மேகம் தாழ்ந்திருக்கும்போது, ஓடுதளம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதை நோக்கி இறங்கும் விமானிக்கு இரண்டு செய்திகள் இடைவிடாமல் தேவைப்படுகின்றன. ஓடுதளத்தின் நடுக்கோட்டிலிருந்து இடப்புறமோ வலப்புறமோ எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பது ஒன்று; இறங்க வேண்டிய சரிவுக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறோம் என்பது மற்றொன்று. ஓடுதளத்தை ஒட்டி நிறுவப்பட்ட ஐ.எல்.எஸ் (கருவிவழித் தரையிறங்கல் அமைப்பு) ஆன்டெனாக்கள்தாம் நெடுங்காலமாக இவ்விரண்டையும் வானொலி அலைகளாக அனுப்பி வந்துள்ளன. இன்று அதற்கு நிகரான வழிகாட்டலைச் செயற்கைக்கோள்கள் தருகின்றன; அதைக் கொண்டு ஓடுதளத்தை நோக்கி இறங்குவதே எல்.பி.வி அணுகல். ஓடுதளத்தருகே ஆன்டெனா ஏதும் இல்லாத சிறு விமான நிலையங்களுக்கும் அது கிடைக்கிறது என்பதே இதன் பெரும்பயன்.

கருவிகளை நம்பிப் பறக்கும் பயிற்சியில் இருப்பவர்களையும் சிமுலேட்டரில் முறையாகப் பழகுபவர்களையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. உங்கள் விமானத்தின் அங்கீகரிக்கப்பட்ட கையேடு இங்கே சொல்வதிலிருந்து வேறுபட்டால், கையேட்டையே பின்பற்றுங்கள். செயற்கைக்கோள் அணுகலில் திரையிலுள்ள முட்கள் ஐ.எல்.எஸ்-இல் நகர்வது போலவே நகரும். அந்த ஒற்றுமையே ஒரு கவனக்குறைவுக்கும் இடம் தருகிறது: செங்குத்து முள்ளுக்குத் தகவல் எங்கிருந்து வருகிறது என்பதை அறியாமலே இறங்கத் தொடங்கிவிடலாம். பாதுகாப்பான அணுகலுக்கு முதலில் வேண்டியது அந்த அறிவுதான்.

சரிவுத் தகவலின் மூலம்

ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் குறிகைகள் (சிக்னல்கள்) அயனி மண்டலத்தைக் கடக்கும்போது தாமதமடைகின்றன, ஜி.பி.எஸ் பிழைகளில் பெரும்பங்கு இந்தத் தாமதத்தால் வருவது. மேலும், செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலேதான் இருக்கின்றன, கீழே ஒன்றும் இல்லை. ஆகவே உயரக் கணக்கு கிடைமட்ட இடக்கணக்கைவிட எப்போதும் பலவீனமாகவே இருக்கும். தரையிறங்கும்போது நமக்கு மிக முக்கியமானதும் அந்த உயரமே.

இந்தக் குறையைத் தீர்ப்பதற்காக எஸ்பாஸ் என்னும் அமைப்பு உருவாக்கப்பட்டது. துல்லியமாக அளக்கப்பட்ட இடங்களில் உள்ள தரைநிலையங்கள் ஜி.பி.எஸ் குறிகைகளைத் தொடர்ந்து கவனித்துப் பிழைகளைக் கணக்கிடுகின்றன. மையநிலையம் அவற்றைத் தொகுத்து, புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக ஜி.பி.எஸ் அலைவரிசையிலேயே திருத்தங்களை ஒலிபரப்புகிறது. இத்தகைய அமைப்பான அமெரிக்காவின் வாஸ் 2003-இல் விமானப் போக்குவரத்துக்குப் பயன்பாட்டுக்கு வந்தது. ஐரோப்பாவின் எக்னாஸ் 2011-இல் உயிர்ப்பாதுகாப்பு சார்ந்த விமானப் பயன்பாட்டுக்குத் தகுதி பெற்றது. இந்தியாவின் ககன் 2015-இல் செங்குத்து வழிகாட்டலுடன் கூடிய அணுகலுக்குச் சான்று பெற்றது. ஒரு பகுதிக்கான திருத்தம் இன்னொரு பகுதியில் செல்லாது என்பதால், நீங்கள் பறக்கும் பகுதி எந்த அமைப்பின் சேவைப்பரப்பில் உள்ளது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

திருத்தத்தைவிட முக்கியமானது நம்பகத்தன்மைச் செய்தி. விமானத்திலுள்ள ஜி.பி.எஸ் ஏற்பி, 'என் கணக்கு எவ்வளவு தூரம் தவறாக இருக்கக்கூடும்' என்பதற்கான மேல்வரம்பை ஒவ்வொரு கணமும் கணக்கிட்டு, அனுமதிக்கப்பட்ட எச்சரிக்கை வரம்போடு ஒப்பிடுகிறது. எல்.பி.வி அணுகலுக்குக் கிடைமட்ட வரம்பு 40 மீட்டர். செங்குத்து வரம்பு 50 மீட்டர். 200 அடி வரை இறங்க அனுமதிக்கும் அணுகலானால் செங்குத்து வரம்பு 35 மீட்டராக இறுகுகிறது. சாதாரண நாளில் உண்மையான பிழை இவற்றைவிட மிகவும் குறைவாகவே இருக்கும். ஆனால் ஏற்பி சாதாரண நாளுக்காக அல்ல, மோசமான கணத்துக்காகவே இந்தக் கணக்கைப் போடுகிறது. வரம்பு மீறப்பட்டால் உடனே அறிவிக்கிறது. ஒரு வழிகாட்டி அமைப்பில் நான் மிக உயர்வாக மதிக்கும் பண்பு, தன்னை நம்பக்கூடாத நேரத்தைத் தானே சொல்லும் இந்த நேர்மைதான்.

அணுகல் வரைபடத்தின் கீழே குறைந்தபட்ச உயரங்கள் பல வரிகளில் தரப்பட்டிருக்கும். எல்நாவ் வரியில் கிடைமட்ட வழிகாட்டல் மட்டுமே உண்டு. எல்நாவ்-விநாவ் வரியில் சரிவும் உண்டு; பெரும்பாலான பயணிகள் விமானங்களில் அந்தச் சரிவு காற்றழுத்த உயரமானியிலிருந்து பெறப்படுகிறது. எல்.பி.வி வரியில் சரிவு செயற்கைக்கோள் கணக்கிலிருந்து வருகிறது. முடிவு உயரம், அதாவது தொடர்வதா மேலெழுவதா என்று தீர்மானிக்க வேண்டிய உயரம், பொதுவாக 250 அடி வரையிலும், தகுதியான இடங்களில் 200 அடி வரையிலும் தாழ்கிறது.

மூன்று வரிகளும் ஒரே வரைபடத்தில் இருப்பதால் அவற்றின் வேறுபாடு சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. 2022 மே 23 அன்று பாரிஸின் சார்லஸ் தெ கால் விமான நிலையத்தில் ஐ.எல்.எஸ் பணியில் இல்லாத ஓடுதளத்துக்கு ஓர் ஏர்பஸ் 320 விமானம் எல்நாவ்-விநாவ் முறையில் இறங்கியது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், உயரமானியில் அமைக்க வேண்டிய காற்றழுத்தத்தை 1001 ஹெக்டோபாஸ்கலுக்குப் பதிலாக 1011 என்று சொல்லிவிட்டார். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 28 அடி என்பதால், விமானம் சரிவுக்கு ஏறத்தாழ 280 அடி கீழே பறந்தது. கருவியிலோ எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஓடுதளம் தெரியாததால் விமானிகள் மேலெழுந்தபோது, ஓடுதளத்துக்கு வெளியே, தரைக்கும் விமானத்துக்கும் இடையே வெறும் 6 அடிதான் இருந்தது. அதே தவறான அழுத்தத்துடன் எல்.பி.வி முறையில் இறங்கியிருந்தால் சரிவு மாறியிருக்காது. விமானம் ஓடுதளத்தை நோக்கிய சரியான பாதையிலேயே இருந்திருக்கும்.

ஆனால் எல்.பி.வி-யிலும் முடிவு உயரத்தை நீங்கள் காற்றழுத்த உயரமானியில்தான் பார்க்கிறீர்கள். அழுத்தம் தவறாக அமைக்கப்பட்டால், பாதை சரியாக இருந்தும், 'தொடர்வதா, மேலெழுவதா' என்று முடிவெடுக்க வேண்டிய கணம் தவறிப்போகும்.

புறப்படுவதற்கு முன்

உங்கள் ஏற்பி எல்.பி.வி-க்குச் சான்று பெற்றதா என்பதை விமானக் கையேட்டில் உறுதிசெய்யுங்கள், ஜி.பி.எஸ் இருப்பதாலேயே அந்தத் தகுதி வந்துவிடாது. தரவுத்தளம் நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். அது 28 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. விமானிகளுக்கான நோட்டாம் என்னும் தற்காலிக அறிவிப்புகளில் எஸ்பாஸ் சேவை தடைப்படும் நேரம், ஜி.பி.எஸ் சோதனைகள், குறுக்கீட்டு எச்சரிக்கைகள் ஆகியவற்றைத் தேடுங்கள். காந்த நடுவரைக்கு அருகே பறப்பவர்கள் இன்னொன்றையும் கருத வேண்டும்: அங்கே சூரியன் மறைந்த பின் அயனி மண்டலத்தில் உருவாகும் குமிழ்கள் குறிகைகளைத் தடுமாறச் செய்யும், சம இரவு நாட்களை ஒட்டிய மாதங்களில் இது கூடுதலாக நிகழும். அத்தகைய மாலைகளில் எல்.பி.வி கிடைக்காமல் போகலாம் என்று எண்ணியே எரிபொருளைத் திட்டமிடுங்கள். மாற்று விமான நிலையமாக ஐ.எல்.எஸ் போன்ற தரைக்கருவி உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, விதி கட்டாயப்படுத்தாத இடங்களிலும், நல்ல பழக்கம்.

அணுகலை ஏற்றுதல்

அணுகலை எப்போதும் தரவுத்தளத்திலிருந்து முழுமையாக எடுங்கள். புள்ளிகளைக் கையால் தட்டி உருவாக்கவே கூடாது. எல்.பி.வி அணுகலின் இறுதிப்பகுதி, ஓடுதள முனையின் இடம், சரிவுக் கோணம், முனையைக் கடக்கும் உயரம் ஆகியவை அடங்கிய ஒரு தரவுத் தொகுதியாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதில் ஓர் எண் பிழைபட்டாலும் ஏற்பி கண்டுபிடித்து மறுக்கும்படி சரிபார்ப்புக் குறியீடும் சேர்க்கப்பட்டுள்ளது.

வரைபடத்தின் மேலே உள்ள ஐந்து இலக்கச் சேனல் எண்ணும் அணுகல் அடையாளமும் திரையில் தெரிபவையோடு பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுங்கள். பிறகு இறுதித் திசை, புள்ளிகளுக்கிடையிலான தூரங்கள், சரிவுக் கோணம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படியுங்கள். இணை ஓடுதளங்கள் உள்ள நிலையங்களில் தவறான ஓடுதளத்தைத் தேர்ந்துவிடுவது எளிது. இந்த ஒப்பீடு அதைத் தடுக்கும். இறுதியாக, எந்த வரியின் குறைந்தபட்ச உயரத்துக்கு இறங்கப் போகிறீர்கள், வழிகாட்டலின் தரம் குறைந்தால் எந்த வரிக்கு மாறுவீர்கள் என்ற இரண்டையும் இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இறுதிச் சரிவில்

கட்டுப்பாட்டாளர் திசை கொடுத்து உங்களை இறுதிப் பாதைக்குக் கொண்டுவந்தால், இறுதிச் சரிவு தொடங்கும் இடமான இறுதி அணுகல் புள்ளிக்குப் போதிய தூரம் முன்னதாகவே பாதையில் சேருங்கள். அந்தப் புள்ளிக்குச் செல்லும் பகுதியே ஏற்பியில் செயலில் உள்ளது என்பதையும் உறுதிசெய்யுங்கள். நெருங்கியதும் திரையில் எல்.பி.வி என்ற எழுத்துகள் தோன்ற வேண்டும். அவற்றைக் கண்ணால் பார்த்து, வாயால் சொல்லுங்கள். எல்நாவ் என்று தெரிந்தால் எல்.பி.வி-யின் முடிவு உயரம் உங்களுக்கு உரியதல்ல.

இறுதி அணுகல் புள்ளியைச் சரிவில் கடக்கும்போது உயரமானி காட்டும் எண்ணை வரைபடத்தில் தரப்பட்ட உயரத்தோடு ஒப்பிடுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். எல்.பி.வி-யில் சரிவு செயற்கைக்கோளிலிருந்தும் உயரம் காற்றழுத்தத்திலிருந்தும் வருவதால், ஒன்றையொன்று சாராத இரண்டு சாட்சிகள் அந்த இடத்தில் சந்திக்கின்றன. பாரிஸில் நிகழ்ந்தது போன்ற 10 ஹெக்டோபாஸ்கல் தவறு இருந்தால், உயரமானி ஏறத்தாழ 280 அடி கூடுதலாகக் காட்டி, தவறை வெளிப்படுத்திவிடும். காற்றழுத்தச் சரிவில் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வருவதால், தவறான அழுத்தத்தை இந்த ஒப்பீடு காட்டிக்கொடுக்காது. வெப்பநிலையாலும் சிறு வேறுபாடு வரும் என்பதை மறவாதீர்கள்: கடுங்குளிரில் உயரமானி கூடுதலாகவும் வெப்பத்தில் குறைவாகவும் காட்டும். காரணம் சொல்ல முடியாத வேறுபாடு தெரிந்தால் இறங்காதீர்கள். அழுத்த எண்ணை மீண்டும் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

3 பாகைச் சரிவில் ஒரு கடல் மைலுக்குச் சுமார் 318 அடி இறங்குவீர்கள். தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால், நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்பது தோராயமாகக் கிடைக்கும். 120 நாட் வேகத்துக்கு 600 அடி, உண்மையில் அதற்குச் சற்றுக் கூடுதல். ஓடுதளத்தை நெருங்க நெருங்க முட்கள் கூர்மையாக நகரும். ஆகவே திருத்தங்களைச் சிறிதாக்குங்கள். முடிவு உயரத்தில் ஓடுதளமோ அதன் விளக்குகளோ தெளிவாகத் தெரியாவிட்டால் மேலெழுங்கள். முதலில் எஞ்சின் விசையைக் கூட்டி, மூக்கை உயர்த்தி, ஏற்றம் நிலைபெற்ற பின்பே ஏற்பியைத் தொடுங்கள். சில ஏற்பிகளில் மேலெழும் பாதை தானாகத் தொடங்காது, ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும்.

தரம் குறைந்தால்

இறுதி அணுகல் புள்ளிக்கு முன் எல்.பி.வி இழக்கப்பட்டால், முன்பே தீர்மானித்த மாற்று வரிக்கு மாறலாம். புள்ளியைக் கடந்து இறங்கத் தொடங்கிய பின் அது இழக்கப்பட்டு, ஓடுதளமும் தெரியவில்லை என்றால், மேலெழுவதே என் உறுதியான பரிந்துரை. மேகத்துக்குள் இறங்கிக்கொண்டே புதிய உயரத்தையும் புதிய முறையையும் மனத்தில் அமைப்பது, அனுபவமுள்ளவர்களுக்கும் ஆபத்தான வேலை.

பெரிய நிலையங்கள் சிலவற்றில் ஜிபாஸ் என்ற உள்ளூர் அமைப்பும் உண்டு. ஜெர்மனியின் பிரேமனில் 2012-லும் பிராங்க்பர்ட்டில் 2014-லும் அது பயன்பாட்டுக்கு வந்தது. அதில் திருத்தங்கள் விமான நிலையத்திலிருந்தே வி.எச்.எப் வானொலி வழியாக வருகின்றன. ஒரே நிலையம் பல ஓடுதளங்களுக்குப் பணிசெய்யும். அணுகலை ஐந்து இலக்கச் சேனல் எண்ணால் தேர்ந்து, ஐ.எல்.எஸ் போலவே தொடரலாம்.

குறுக்கீடு

தரையை வந்தடையும் ஜி.பி.எஸ் குறிகை மிகவும் மெலிந்தது. சிறிய கருவி ஒன்றும் அதை மூழ்கடிக்க முடியும். 2024-இல் எஸ்தோனியாவின் தார்த்து நகருக்கான விமானச் சேவை, ஜி.பி.எஸ் குறுக்கீட்டின் காரணமாக ஏறத்தாழ ஒரு மாதம் நிறுத்தப்பட்டது. அங்கே இருந்த அணுகல்கள் ஜி.பி.எஸ்-ஐச் சார்ந்தவையாக இருந்ததே காரணம். குறிகை மறைந்துபோனால் ஏற்பி அதைத் தெரிவித்துவிடும். போலிக் குறிகை அதைவிடக் கொடியது, ஏனெனில் திரையில் எல்லாம் இயல்பாகத் தெரியக்கூடும். விமானத்தின் கடிகாரம் திடீரென மாறுவது, காட்டப்படும் தரைவேகம் காற்றின் வேகத்தோடு பொருந்தாமல் போவது, வரைபடத்தில் விமானம் இடம் தாவுவது, உயரத்தில் பறக்கும்போதே நிலமோதல் எச்சரிக்கை ஒலிப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் செயற்கைக்கோள் அணுகலைக் கைவிட்டு, தரைக்கருவிகளுக்கோ கட்டுப்பாட்டாளரின் ரேடார் வழிகாட்டலுக்கோ மாறுங்கள். குறுக்கீட்டுப் பகுதியை விட்டு வெளியேறிய பின்னும் சில ஏற்பிகள் முழுமையாக மீள்வதில்லை என்பதால், வேறொரு மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வரை அதை மீண்டும் அணுகலுக்குப் பயன்படுத்த வேண்டாம். இடத்தையும் நேரத்தையும் உயரத்தையும் கட்டுப்பாட்டாளரிடம் உடனே தெரிவித்து, தரையிறங்கியதும் விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேட்டிலும் எழுதுங்கள்.