தூக்கத்தில் பல் கடித்து வந்த தாடை வலி, எனக்குக் குறைந்தது இப்படித்தான்

காலையில் எழுந்தால் காதுக்கு முன்னால் வலி, கொட்டாவி விட்டால் டொக்கென்று சத்தம், மதியம் வரை தலைபாரம். சொத்தைப் பல் எதுவும் இல்லை, இரவெல்லாம் பல் கடித்துக் கடித்து மெல்லும் தசை இறுகிவிட்டது என்றார் பல் டாக்டர். இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் உறை (நைட் கார்டு) செய்து கொடுத்து பிசியோதெரபிக்கும் எழுதினார்.

பிசியோதெரபியை சென்னை ராயபுரத்தில்தான் எடுத்தேன். கன்னத்தில் பேட் ஒட்டி டென்ஸ் மெஷினில் லேசான மின்துடிப்பு கொடுப்பார்கள், ஷாக் எல்லாம் இல்லை, எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். அது வலியை மட்டும்தான் மட்டுப்படுத்தும், பல் கடிப்பதை நிறுத்தாது. பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்கு ஆகாது, கழுத்தின் முன்பக்கம் ஒட்டவே கூடாது, அதனால் மெஷினை நீங்களாக வாங்கி ஒட்டிக்கொள்ளாதீர்கள்.

என்னைக் கேட்டால் பயிற்சிதான் அதிகம் உதவியது. நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் அண்ணத்தில் வைத்து, அது நகராமல் வாயை மெதுவாகத் திறந்து மூட வேண்டும்; ஒரு தடவைக்கு 6, ஒரு நாளைக்கு 6 தடவை. அப்புறம் பகலில் உதடு மூடியிருந்தாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது, 44சி பஸ் நெரிசலில் நிற்கும்போதுகூட.

இப்போது அத்தோவில் (பர்மா நூடுல்ஸ்) போடும் மொறுமொறு பேஜோவைக் கடிக்க முடிகிறது. கார்டு இன்னும் போட்டுக்கொண்டுதான் படுக்கிறேன்.